நான்காகப் பிரித்த சூனியக்காரி

அந்த நாவலுக்கு நான் மூன்று நட்சத்திரம் போட்டேன். இன்றைக்கும் மூன்றுதான் இருக்கிறது. புத்தகம் படிக்கிறவர்கள் கருத்து எழுதும் ஒரு செயலியில், முகத்துக்குப் பதிலாக வௌவால் படம் வைத்த என் கணக்கில், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பயம் பிரமாதம், ரத்தம் பிரமாதம், சூனியக்காரி பிரமாதம். ஆனால் கடைசியில் அவளுடைய மகள் செய்கிற காரியத்தைத் துளிகூட நம்ப முடியவில்லை, அங்கே எழுத்தாளர் கோட்டை விட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறேன்.

பேய்க் கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில் என்று ஓடிக்கொண்டிருந்தேன். வேலை என்றால் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் ஆங்கில இலக்கணம் எடுப்பது. அதே தேர்வுகளை நானும் எழுதித் தோற்றுக்கொண்டிருந்தேன் என்பது மாணவர்களுக்குத் தெரியும். அதனால் மரியாதை குறையவில்லை, கூடவும் இல்லை. காலை ரயில், மாலை ரயில், நடுவில் வினைச்சொற்கள். இதற்கு நடுவே என்னை ஓட்டிக்கொண்டிருந்தது பையில் இருந்த புத்தகம்தான். "எம்.ஏ. படிச்சுட்டு மண்டையோடு போட்ட புக்கக் கட்டிப் புடிச்சுக்கினு தூங்குது பாரு, இதுக்கு மாப்ள எங்கேர்ந்து பாக்குறது" என்று என் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அந்த நாவல் தலையணை கனம். அட்டையில் தலைகீழாகத் தொங்கும் ஒரு பெண். கீழே, இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் படிக்க வேண்டாம் என்று எச்சரிக்கை. செயலியில் அதற்குக் குவிந்திருந்த கருத்துகளைப் படித்தே நான் பாதி மயங்கியிருந்தேன். ஒருவர் படித்துவிட்டு ஒரு வாரம் கறி தொடவில்லையாம், ஐந்து நட்சத்திரம். இன்னொருவர் புத்தகத்தை மொட்டை மாடியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தூங்கினாராம், அதுவும் ஐந்து. வேறொருவருக்கு, சூனியக்காரியின் தோலை உரிக்கிற இடம் சீக்கிரம் முடிந்துவிட்டதில் வருத்தம். அதற்காக ஒன்றைக் குறைத்து நான்கு போட்டிருந்தார். அவரை நேரில் பார்த்துக் கை கொடுக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

ரயிலில் மகளிர் பெட்டியில் நாங்கள் நான்கு பேர் எப்போதும் ஒரே இடத்தில் உட்காருவோம். முண்டியம்பாக்கத்தில் இறங்குகிற நர்ஸ் அக்கா. விழுப்புரத்தில் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிற அக்கா. இவர் கோட்டக்குப்பத்தில் பிறந்து திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டவர், கணவர் துபாயில். அப்புறம் கோர்ட்டுப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ், பைண்டிங் கடையில் வேலை செய்கிற அக்கா. பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகமே இல்லை. நர்ஸ் அக்கா, ஜவுளி அக்கா, ஜெராக்ஸ் அக்கா. நான் "டீச்சரு".

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு புத்தகத்தைக் கூட்டாக வாங்குவோம். ஜெராக்ஸ் அக்கா அதைக் கடைக்குக் கொண்டுபோய், முதுகை வெட்டி, நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஸ்பைரல் போட்டு எடுத்து வருவார். ஆளுக்கொரு பாகம். யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டாம். முடித்ததும் மாற்றிக்கொள்வோம். எல்லோரும் எல்லாவற்றையும் படித்த பிறகு நான்கையும் மறுபடி சேர்த்துத் தைத்துக் கெட்டி அட்டை போட்டுத் தந்துவிடுவார். குடும்ப நாவல்களுக்கு இந்த முறை நன்றாகவே நடந்தது. எந்தப் பாகத்தில் ஆரம்பித்தாலும் மாமியார் மாமியார்தான்.

"இத்தப் போயி வெட்டச் சொல்றியே டீச்சரு, கத்தி வெச்சா ரத்தம் வந்துடப் போவுது," என்றபடி ஜெராக்ஸ் அக்கா அந்தத் தலையணையை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

முதல் பாகம் எனக்கு. நான்தானே கண்டுபிடித்தேன். இரண்டாவது நர்ஸ் அக்காவுக்கு, மூன்றாவது ஜவுளி அக்காவுக்கு, மிச்சமிருந்த கடைசிப் பாகம் ஜெராக்ஸ் அக்காவுக்கு. முதல் பாகத்தில் சூனியக்காரி தொட்டில் குழந்தைகளைத் தூக்குகிறாள். தூக்கி என்ன செய்கிறாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டாவதில் ஊர் முழுக்க உயிரோடு அழுகுகிறது. மூன்றாவதில் ஊர் அவளைத் துரத்துகிறது. நான்காவதில் பிடித்துவிடுகிறது.

பிரித்துப் படித்ததில் வந்த வில்லங்கம் அந்த வாரமே தெரிந்தது.

"பாவம்மா அவ," என்றார் ஜவுளி அக்கா. ரயில் பேரணி ஸ்டேஷனைத் தாண்டியிருந்தது. "ஒத்தப் பொம்பளைய இத்தினி ஆம்பளைங்க நாய உட்டுத் தொரத்துறானுங்க. எனக்குப் படிக்கவே முடியல."

"அக்கா, அவ கொழந்தைங்களக் கொன்னவ!"

"அது உன் பாகத்துல. என் பாகத்துல அவ யாரையும் ஒண்ணும் பண்ணல. ஓடிக்கினே இருக்கா. கால்ல செருப்புகூட இல்ல."

"என் பாகத்துல ஒருத்தனுக்கு ஒடம்புல இருக்கிற ரத்தம் மொத்தமும் போயிடுது," என்றார் நர்ஸ் அக்கா. "போன பெறகும் அத்தியாயம் முடியிற வரைக்கும் பேசிக்கினே இருக்கான். அவன எங்க வார்டுக்கு வரச் சொல்லு டீச்சரு. ட்யூட்டிக்கு ஆள் பத்தல."

எதிர் சீட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்மணி வரைக்கும் சிரித்தார். ஜெராக்ஸ் அக்கா மட்டும் தன் பாகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"முடிவு பொய்," என்றார்.

"ஐயோ, சொல்லாதீங்க அக்கா!" நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"கதைய எங்க சொன்னேன்? பொய்னுதான் சொல்றேன். எந்தப் பொண்ணும் பெத்தவளுக்கு அப்பிடிப் பண்ண மாட்டா. இத்த எழுதுன ஆளுக்கு அம்மா இல்ல போல."

எனக்கு முடிவு தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது, மூன்றாவது பாகங்களைப் பறித்துப் பறித்துப் படித்து, வேகமாகக் கடைசிக்கு வந்து சேர்ந்தேன். பிடிபட்ட சூனியக்காரியை மரத்தில் கட்டுகிறார்கள். பிறகு கூட்டத்தில் நிற்கிற அவளுடைய மகளைக் கூப்பிட்டு, கையில் தீப்பந்தத்தைக் கொடுக்கிறார்கள். நீ கொளுத்தினால் நீ எங்களில் ஒருத்தி, கொளுத்தாவிட்டால் நீயும் அவளும் ஒன்று. மகள் பந்தத்தை வாங்கிக்கொள்கிறாள். அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் நடந்து போகிறாள். அவள் பந்தத்தைத் தாழ்த்துகிறாள், நாவல் அதோடு நின்றுவிடுகிறது.

ஜெராக்ஸ் அக்கா சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. அத்தனை ரத்தத்தை நம்பிக்கொண்டு வந்த மனசு இந்த ஒரு இடத்தில் முரண்டு பிடித்தது. மூன்று நட்சத்திரம். எழுதிப் போட்டேன். நிறையப் பேர் கருத்து பயனுள்ளது என்று அழுத்தினார்கள். மறுநாள் ரயிலில் செல்போனைக் காட்டினேன். ஜெராக்ஸ் அக்கா முழுவதும் படித்துவிட்டு, "நான் சொன்னத நல்லாப் பெருசு பண்ணி எழுதிட்டியே," என்று சந்தோஷப்பட்டார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள், எதிரே வருகிற வண்டிக்காக எங்கள் ரயிலை மயிலத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்போதுதான் ஜெராக்ஸ் அக்கா தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். பால் பாக்கெட் வராததைப் பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

அவருடைய அம்மா கண்டாச்சிபுரத்தைத் தாண்டி ஒரு ஊரில் தனியாக இருந்தார். அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம். கொஞ்சம் நிலம், அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார். வீட்டுக்குப் பின்னால் ஒரு எலுமிச்சை மரம். அந்தத் தெருவில் வேறு எலுமிச்சை மரம் கிடையாது. கோயில் மாலைக்கு, வண்டிச் சக்கரத்துக்கு, ஊறுகாய்க்கு, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் வருவார்கள். பக்கத்து வீட்டு மருமகளுக்கு ஒரு கரு கலைந்தது. பிறகு இன்னொன்றும் கலைந்தது. இரண்டாவது கலைந்த பிறகு அவர்கள் வாசலில், குங்குமம் தடவி ஊசி குத்திய எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது.

"எலுமிச்ச மரம் யார் வூட்ல இருக்கு? எங்கம்மா வூட்ல. முடிஞ்சுபோச்சு கேஸு," என்றார் அக்கா. "ஜட்ஜு, வக்கீலு, யாரும் தேவப்படல."

அதோடு நின்றிருந்தால் அவர் எங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கு வீடு வீடாகக் கேப்பை வாங்குவார்கள். அந்த வருஷம் வாங்க வந்தவர்கள் இவர் அம்மா வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மா முறத்தில் கேப்பையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். யாரும் திட்டவில்லை, கை நீட்டவில்லை. கேப்பையை வாங்கவில்லை, அவ்வளவுதான். கூழில் கேப்பை சேராத வீட்டுக்கு அறுவடைக்கு ஆள் வராது. கல்யாணச் சேதி வராது. செத்தால் தூக்குவதற்கு வருவார்களா என்பதே சந்தேகம்.

ஊர்க்காரர்கள் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். ரத்த சம்பந்தமுள்ள ஒருவர், கோயிலில் கற்பூரம் ஏற்றி, இவர் எந்தச் செய்வினையும் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணி, அதை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அம்மாவே அணைத்தால் செல்லாது. அணைத்துவிட்டால் அந்த இடத்திலேயே கேப்பையை வாங்கிக்கொள்வார்கள், பேச்சு தீர்ந்தது. கூழ் ஊற்றுவதற்குள் செய்ய வேண்டும். அக்கா ஒரே பிள்ளை.

"பண்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்," என்றார். "வாய் வார்த்ததான? எங்க கோர்ட்டு வாசல்ல பொய் சத்தியம் பண்ணிட்டு வந்து ஜாலியா டீ குடிச்சுக்கினு நிக்கிறான். நான் நெசத்தச் சொல்றதுக்கு இன்னா பேஜாரு?"

"பண்ணிட்டு வந்துடுங்க அக்கா. ஒரு நிமிஷ வேலை," என்றேன் நான்.

"என் பொண்ணு தலைல கைய வெச்சுக்கினு பண்ணணுமாம்."

எதிர் வண்டி சத்தத்தோடு கடந்து போனது.

"புள்ள மேலயா?" என்றார் ஜவுளி அக்கா. "வேணாம்மா. உங்க சாமியோ எங்க அல்லாவோ, புள்ளய நடுவுல இழுக்காத."

"ஏங்க, அவங்க உண்மையத்தான சொல்லப் போறாங்க," என்றார் நர்ஸ் அக்கா. "பொய் சொன்னாத்தான புள்ளைக்கு எதுனா ஆவும்?"

"உண்மையோ பொய்யோ. நாளைக்கே அந்தப் புள்ளைக்கு ஒடம்பு சுட்டுதுன்னா உன் மனசு இன்னா சொல்லும்? அதச் சொல்லு."

"கொசு கடிச்சிருக்கும்னு சொல்லும்," என்றேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஜெராக்ஸ் அக்கா என் தோளைத் தட்டினார். "கேட்டீங்களா, டீச்சரு படிச்சவ. நீயும் என்கூட வா. மாமியாருக்குத் தெரியாமக் கூட்டிக்கினு போறேன், பஸ்ஸுல கொழந்தையப் புடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். எனக்குப் பயம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் குஷியாக இருந்தது. இத்தனை வருஷம் தாளில் படித்ததெல்லாம் ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அக்காவின் மகள் என் மடியில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றபடி வழியில் தெரிந்த பாறைக் குன்றுகளுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்புப் போக வேண்டியவள். ஒரு குன்றுக்கு என் பெயரையும் வைத்தாள்.

அந்த அம்மாவை எப்படிக் கற்பனை செய்து வைத்திருந்தேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. நேரில் பார்த்தவர் குள்ளமாக, சுறுசுறுப்பாக, கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியவராக இருந்தார். எங்களுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தார். நான் டம்ளரை வாங்கிக் கையில் வைத்திருந்த நேரம் கொஞ்சம் கூடிப்போனது போலிருக்கிறது.

"குடிம்மா. ஊசி இல்ல," என்றார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

குடித்துவிட்டேன். நன்றாக இருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, நீயும் இவளும் ரயிலில் என்னதான் படிப்பீர்கள் என்று கேட்டார். எனக்குக் கதை சொல்லச் சொல்ல வேண்டுமா? தொட்டிலில் ஆரம்பித்து நாய்கள் துரத்துகிற வரைக்கும் கையையும் காலையும் ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். ஜெராக்ஸ் அக்கா பின்னாலிருந்து என்னை முறைத்த பிறகுதான், யாரிடம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்து நிறுத்தினேன்.

அந்த அம்மா மடியில் மல்லாட்டை உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "நெசமாவே சூனியம் தெரிஞ்சவளா இருந்தா இவனுங்க கைல மாட்டுவாளா?" என்றார். "பறந்துக்கினு போயிருக்க மாட்டா? எழுதுனவரு யோசிக்கலியே."

செயலியில் இருந்த அத்தனை கருத்துகளிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

கோயில் தெருக்கோடியில் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் போனோம். பெரியவர்கள் சிலர் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் நான் படித்திருந்த வெறி இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சட்டைப் பையில் செல்போன், தோளில் துண்டு, யாரோ ஒருவர் பேரனுக்கு மூக்கு சிந்திவிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி பக்கத்து வீட்டு மருமகள், மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைவிடச் சின்னவள். வெளுத்துப் போயிருந்தாள். அவள் யாரையும் வெறுப்போடு பார்க்கவில்லை; யாராவது எதையாவது சொல்லி இதை முடித்துவைக்க மாட்டார்களா என்று பார்த்தாள்.

"வாம்மா," என்றார் பெரியவர்களில் மூத்தவர். "நாங்க பாத்து வளந்த புள்ள நீ. உங்கம்மாவும் எங்களுக்கு அயலா? ஒரு வார்த்த, அவ்ளோதான். ஊர் வாய் மூடிடும். கேப்ப கொண்டாந்துக்கிறியா?"

முறத்தை அந்த அம்மாவே இடுப்பில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

கல்லின்மேல் தட்டை வைத்துக் கற்பூரத்தை ஏற்றினார்கள். அக்கா மகளை முன்னால் நிறுத்தி, இடது கையை அவள் தலையில் வைத்தார். குழந்தைக்கு அன்றைக்கு இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். அக்கா வலது கையை நீட்டினார்.

"எங்கம்மா..." என்று ஆரம்பித்தார்.

"ம்மா, கை சுடாதா?" என்றாள் குழந்தை, தலையைத் தூக்கிப் பார்த்து.

"சுடாது. சும்மா நில்லு. எங்கம்மா யாருக்கும்..."

அவர் தீயைத் தொடத் தயங்குவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வலது கை அசையாமல் தீக்கு மேலேயே நின்றது. இடது கைதான் தலையிலிருந்து எழும்பியது. அவர் பார்த்தார், மறுபடி வைத்தார். மறுபடியும் எழும்பியது. சூடான பாத்திரத்தைத் தொட்ட கை போல. மூன்றாவது முறை வைக்கப் போனவர் பாதியில் நிறுத்தி, அந்தக் கையை அடிவயிற்றோடு அழுத்திக்கொண்டார். வாய் திறந்திருந்தது. உண்மையைத்தானே சொல்லப் போகிறீர்கள், சொல்லுங்கள் அக்கா என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

யாரும் அவசரப்படுத்தவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். கற்பூரம் மட்டும் காத்திருக்கவில்லை.

"புள்ளயத் தூக்கிக்கினு கெளம்பு," என்றார் அந்த அம்மா. "பஸ்ஸு போயிடும்."

"ம்மா..."

"கெளம்புன்னு சொல்றேன்ல?" பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "அவ பண்றேன்னுதான் வந்தா. நாந்தான் வேணாம்னு சொல்லியிருந்தேன். பேத்தி தலைல கை வெச்சு எனக்கு ஒரு பேரும் வேணாம்."

"உங்க இஷ்டம்மா," என்றார் மூத்தவர். அவர் குரலில் வருத்தம் இருந்தது. உண்மையான வருத்தம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். கற்பூரம் தானாக அணைந்து தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அந்த அம்மா முறத்தைக் கேப்பையோடு தூக்கி மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். வழியில் தெருக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். சேலை படாமல் இருக்க வேண்டும் என்பதுபோல் ஒதுங்கினார்கள்.

கிளம்பும்போது என் பையில் எலுமிச்சம்பழங்களைக் கொட்டினார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

பஸ்ஸில் குழந்தை தூங்கிவிட்டது. ஜெராக்ஸ் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நான் பொய்யா சொல்லப் போனேன்? நெசம்தான டீச்சரு?"

"நெசம்தான் அக்கா."

"அப்பறம் ஏன் என் கை நிக்கல?"

கொசு, காய்ச்சல், அறிவு, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்ததே. குழந்தையின் தலை சரியாமல் என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஜெராக்ஸ் அக்கா ரயிலுக்கு வரவில்லை. நான் நடந்ததைச் சொல்லிவிட்டுப் பையைத் திறந்தேன். ஜவுளி அக்கா கைக்குட்டையை விரித்துப் பழங்களை அள்ளி முடிந்துகொண்டார். "ஊறுகா போட்டு அந்தம்மாவுக்கே ஒரு பாட்டில் அனுப்புறேன்," என்றார். நர்ஸ் அக்கா மிச்சத்தை எடுத்தார். "நானே நாள் பூரா ஊசி குத்துறவ. என்னைய இது இன்னா பண்ணும்?" சிரிப்பு வரவேண்டிய பேச்சுதான். அன்றைக்கு யாருக்கும் வரவில்லை.

ஊரில் கூழ் ஊற்றினார்கள். பிறகு மல்லாட்டை பிடுங்குகிற பருவம் வந்தது. அந்த அம்மா நிலத்துக்கு ஒரு ஆள் வரவில்லை. அவர் ஒருவராகப் பிடுங்க முடிந்ததைப் பிடுங்கினார். மிச்சம் மழையில் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. ஐப்பசியில் அவர் வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். மகள் வீட்டில் சேர்க்க மாமியார் சம்மதிக்கவில்லை. பேர் கெட்டு வந்தவளை எப்படி உள்ளே விடுவது என்று கேட்டாராம். அதனால் விழுப்புரத்தில், ரயில்வே லைனை ஒட்டி ஒரு அறை. ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் காய் நறுக்குகிற வேலை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஜெராக்ஸ் அக்கா போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

தையில் அந்தப் பக்கத்து வீட்டு மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தது. இந்த முறை நிற்கிறதாம். ஊருக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எலுமிச்சை மரத்தையும் யாரோ வெட்டிவிட்டார்கள்.

அதற்கு நடுவில் ஒரு நாள் ரயிலில் நான் செல்போனை எடுத்து அந்தக் கருத்தைத் திறந்தேன். மகள் செய்கிற காரியத்தை நம்ப முடியவில்லை என்கிற வரி அப்படியே இருந்தது. முன்பைவிட அதிகம் பேர் பயனுள்ளது என்று அழுத்தியிருந்தார்கள். கீழே ஒருவர், "சரியாகச் சொன்னீர்கள், எந்த மகளும் இப்படிச் செய்ய மாட்டாள்" என்று எழுதியிருந்தார். அழிக்கலாமா என்று விரல் போனது. பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் அக்கா திரையைப் பார்த்துவிட்டார்.

"இன்னா, மாத்தப் போறியா?"

"ஆமாக்கா."

"மாத்தாத. நம்பாதவங்க நாலு பேரு இருந்துட்டுப் போவட்டும்."

விட்டுவிட்டேன். நாவலை மறுபடி சேர்த்துத் தைக்கிற வேலையும் அப்படியே கிடந்தது. முதல் பாகம் என்னிடம், இரண்டும் மூன்றும் யாரிடம் என்று நினைவில்லை. நாங்கள் அதற்கப்புறம் புத்தகம் எதுவும் கூட்டாக வாங்கவில்லை. ரயிலில் நர்ஸ் அக்கா தூங்கினார், ஜவுளி அக்கா துபாய்க்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

போன மாதம் ஒரு மதியம் வகுப்பு இல்லை. ஜெராக்ஸ் அக்காவோடு அந்த அறைக்குப் போனேன். பள்ளி விடுமுறை என்பதால் அக்காவின் மகளும் வந்திருந்தாள். அறையில் ஒரு ஜன்னல், ஒரு ஸ்டவ், சுவரோரம் சுருட்டிய பாய். அந்த அம்மா இளைத்துப் போயிருந்தார். விரல்களெல்லாம் வெங்காயக் கறை. என்னைப் பார்த்ததும், "வா, கதைக்காரி" என்றார்.

பாய்க்கு மேலே ஸ்பைரல் போட்ட கட்டு ஒன்று கிடந்தது. பார்த்ததும் தெரிந்தது. நாவலின் கடைசிப் பாகம். கடையில் கிடந்ததை, பொழுது போகட்டுமே என்று அக்காவின் முதலாளியம்மா ஒரு பையில் மற்ற பழைய பத்திரிகைகளோடு சேர்த்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அக்காவுக்கே அது உள்ளே இருந்தது தெரியவில்லை.

"அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் போனவ நானு," என்றார் அந்த அம்மா. "எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ரொம்ப நாளாப் படிச்சு நேத்துதான் முடிச்சேன்."

ஜெராக்ஸ் அக்கா கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். சீப்பு நின்றது.

நான் எதையாவது சொல்லிப் பேச்சை மாற்றப் பார்த்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கட்டை எடுத்து, கடைசித் தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டினார்.

"அந்தப் பொண்ணு பந்தத்த வாங்கிக்கினு போவுது. அதோட நின்னுபோச்சு. அப்பறம் அவ இன்னா ஆனா? நல்லா இருந்தாளா? இதுக்கு அடுத்த பாகம் யார்கிட்ட கீது?"

நாங்கள் புத்தகத்தை வெட்டிப் பிரிப்பது அவருக்குத் தெரியும். மகள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதனால், கையில் கிடைத்த பாகத்துக்குப் பிறகு இன்னொன்று யாரிடமோ இருக்கும் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை.

நான் ஜெராக்ஸ் அக்காவைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை. சீப்பைக் கீழே வைத்துவிட்டிருந்தார். இடது கை மகளின் தலைமேல் இருந்தது. வகிடு எடுத்த இடத்தில் அப்படியே இருந்தது.

"ஜவுளி அக்காகிட்ட இருக்கும்மா," என்றேன். "வாங்கிட்டு வர்றேன்."

"ஜல்தி வாங்கிக்கினு வாம்மா," என்றார் அவர், கட்டை மறுபடி பாய்மேல் வைத்தபடி. "அந்தப் பொண்ணு பாவம். இன்னா பண்ணிக்கினு இருக்குதோ."